நெட் தேறிய பிறகும் இன்னொரு தேர்வா?

கேள்வி: எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் வழி. சித்தூரில் பி.எஸ்ஸி. கணிதம், கோவையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் (உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வு) ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. இப்போது கேரளத்தில் ஒரு நிறுவனத்தில் டேட்டா சயன்ஸ் பிஎச்.டி., இரண்டாம் ஆண்டு. கோர்ஸ் ஒர்க் எல்லாம் நல்ல கிரேடில் முடித்துவிட்டேன். போன மாதம், பிஎச்.டி.யைத் தொடரத் தகுதி பார்க்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வில் போர்டு முன்னால் நிற்க வைத்து, பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையை விளக்கச் சொன்னார்கள். ஓர் அணியின் இன்வெர்ஸ் (நேர்மாறு) வரும் சூத்திரத்தை எழுதினேன். "அந்த இன்வெர்ஸ் இல்லாவிட்டால்?" என்று ஒருவர் கேட்டார். அதோடு கை நின்றுவிட்டது, அதற்குப் பிறகு தெரிந்ததும் வரவில்லை. "அடிப்படையில் ஆழம் போதாது, நான்கு மாதத்தில் மறுபடி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நெட், கோர்ஸ் ஒர்க் எல்லாம் தேறியவளுக்கு இன்னொரு தேர்வு எதற்கு? இது விதியிலேயே இருக்கிறதா? எதைப் படிப்பது? எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. அப்பா எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பால் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். "போதுங்கண்ணு, எங்காச்சும் டீச்சர் வேலைக்குப் போயிரு" என்கிறார். இரண்டாவது முறையும் தவறினால் என்ன ஆகும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சித்தூர் என்று நீங்கள் எழுதியதை ஆந்திரச் சித்தூர் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் நினைத்துவிட்டார். நம் பாலக்காட்டுச் சித்தூர் என்று சொல்லித்தான் கடிதத்தை வாங்கினேன். நானும் வேலந்தாவளத்துக்காரன்தான். மலையாளத்தில் கேட்டு, தமிழில் யோசித்து, இங்கிலீஷில் பதில் சொல்லும் அந்த மூன்று தாண்டல் எனக்கும் பழக்கம்.

முதலில் விதி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறையில் கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும், அதில் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறி பற்றிய பாடமும் இருக்க வேண்டும், 55 சதவீத மதிப்பெண் இருந்தால்தான் மேலே தொடரலாம் என்று இருக்கிறது. செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன் நின்று ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. நீங்கள் எழுதிய காம்ப்ரி அதில் இல்லை. அது அந்தந்த நிறுவனம் தன் விதிப்புத்தகத்தில் வைத்துக்கொள்வது. ஐ.ஐ.டி.க்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை, அங்கே செனட் வகுத்ததுதான் விதி. அதனால்தான் ஓரிடத்தில் இரண்டு எழுத்துத் தேர்வும் ஒரு வைவாவும் (வாய்மொழித் தேர்வு), இன்னோரிடத்தில் வைவா மட்டும், வேறோரிடத்தில் ஆய்வுத் திட்டத்தையும் சேர்த்தே கேட்பது என்று ஆளுக்கொரு விதமாக நடக்கிறது. பக்கத்து அறை சீனியர் வேறு துறை என்றால் அவருக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது, உங்கள் நிறுவனத்தின் பிஎச்.டி. ஆர்டினன்ஸை (விதிப்புத்தகம்) அலுவலகத்தில் கேட்டு வாங்கி, காம்ப்ரி வரும் பக்கத்தை நீங்களே படிப்பது. பதிவு செய்ததிலிருந்து எத்தனை மாதத்துக்குள் தேற வேண்டும், எத்தனை வாய்ப்பு, குழுவில் யார் யார், பாடத்திட்டத்தை யார் எழுத்தில் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்காலர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. கேண்டீனில் கேட்டதை நம்பி இரண்டு வருடம் ஓட்டிவிடுகிறார்கள். நான் உட்கார்ந்த ஒரு குழுவில், பாடத்திட்டத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை தனக்கு இருந்தது என்பதையே ஒரு பையன் தேர்வு முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டான்.

சரி, நெட் இருக்க இது எதற்கு? நெட்டில் உங்களுக்குத் தெரிந்த கேள்விகளாகப் பார்த்து எழுதலாம். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காம்ப்ரி அப்படியில்லை. தெரிந்ததிலிருந்து ஆரம்பித்து, தெரியாத இடம் வரும்வரை இறக்கிக்கொண்டே போவார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் தேர்வு. பதில் தெரியாமல் போவதைப் பெரும்பாலான குழுக்கள் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. சும்மா நிற்பதுதான் அவர்களைக் கலவரப்படுத்துகிறது. நாளைக்கு ஆய்வில் யாருக்குமே பதில் தெரியாத இடத்தில் நீங்கள் தனியாக நிற்க வேண்டிவரும், அப்போதும் இப்படித்தான் நிற்பீர்களோ என்று பயப்படுகிறார்கள்.

நானும் ஒருமுறை தவறியவன்தான். புள்ளியியலில் முதல் வகுப்பு, பெரிய தன்னம்பிக்கை. "ஒரு புது உரத்தைச் சோதித்ததில் பி-மதிப்பு 0.03 வந்திருக்கிறது. இதை ஒரு விவசாயிக்கு எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார்கள். "உரம் வேலை செய்யாமலிருக்க மூன்று சதவீதம்தான் வாய்ப்பு" என்றேன். "அப்போ வேலை செய்ய 97 சதவீதம் வாய்ப்பு, அப்படித்தானே?" "ஆமாம் சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அடுத்தவரைப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உரத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதற்கு மேலோ ஒரு வித்தியாசம் தற்செயலாகக் கண்ணில் பட மூன்று சதவீத வாய்ப்பு என்பதுதான் சரி. வரையறை எனக்கு மனப்பாடம், எழுதச் சொல்லியிருந்தால் பிசகாமல் எழுதியிருப்பேன். விவசாயிக்குச் சொல்லச் சொன்னதும் மாட்டிக்கொண்டேன். (இந்தத் தவறு எவ்வளவு பரவலானது என்றால், 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே பி-மதிப்பு எதைச் சொல்லாது என்று ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.)

இப்போது உங்களை நிறுத்திய கேள்விக்கு வருகிறேன். அதன் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, உங்கள் அப்பா தினம் இரண்டு வேளை அதைச் செய்கிறார்.

சொசைட்டியில் பால் வந்ததும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு அளவு பார்க்கிறார். கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறார். மூன்றாவதாக எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள். லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கும் இடங்களில் இந்த மூன்றாவதை யாரும் தனியாக அளப்பதில்லை. திருத்திய லாக்டோமீட்டர் அளவை நாலால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கைச் சேர்த்து, ஒரு மாறிலியைக் கூட்டினால் எஸ்.என்.எஃப். வந்துவிடும். பங்கும் மாறிலியும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், கணக்கின் வடிவம் மாறாது.

இப்போது அந்த ரெஜிஸ்டரை ஒரு டேட்டா செட்டாக நினையுங்கள். லாக்டோமீட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்று மூன்று பத்தி, மாறிலிக்காக ஒன்றுகளால் நிரம்பிய ஒரு பத்தி. இவற்றை வைத்து லிட்டருக்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்று கணிக்க ரெக்ரெஷன் போடுகிறீர்கள், அதாவது ஒவ்வொரு பத்தியையும் ஓர் எண்ணால் (கெழு) பெருக்கிக் கூட்டி விலைக்கு நெருங்கப் பார்க்கிறீர்கள். எஸ்.என்.எஃப். பத்தி மற்ற மூன்றின் கூட்டுக் கலவை. பத்தி நான்கு இருந்தாலும் உண்மையான ரேங்க், அதாவது ஒன்றையொன்று சாராத பத்திகளின் எண்ணிக்கை, மூன்றுதான். இந்தப் பத்திகளின் அணியை எக்ஸ் என்றால், சூத்திரத்தில் வரும் எக்ஸ் ட்ரான்ஸ்போஸ் எக்ஸுக்கு இன்வெர்ஸ் கிடையாது. உங்களிடம் கேட்டது இதைத்தான்.

அப்புறம் என்ன ஆகும்? ஒரு சாய்ந்த பனையை நினைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வெயில் நேர் உச்சியில் இருக்கும்போது பனையின் நுனி நிழல் தரையில் எங்கே விழுகிறதோ அதுதான் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் தரும் கணிப்பு. பனை உண்மையான விலை. தரை, உங்கள் பத்திகளைக் கலந்து உண்டாக்கக்கூடிய எல்லாக் கணிப்புகளும். நுனியிலிருந்து நிழலுக்கு நேர் கீழே இறங்கும் கோடுதான் பிழை, அது தரைக்குச் செங்குத்து. தரையை மூன்று கயிறு கட்டி அளந்தாலும் நான்கு கட்டி அளந்தாலும் நிழல் விழும் இடம் மாறுமா? மாறாது. கூடுதல் கயிறு இருப்பதால், அந்த இடத்தைக் குறிப்பிட ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வந்துவிடுகின்றன, அவ்வளவுதான். கணிப்பு ஒன்றே ஒன்று, கெழுக்கள் எண்ணற்றவை. இந்த ஒரு வரியை நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால் கேட்டவர் முகம் மலர்ந்திருக்கும்.

மலர்ந்த முகத்தோடு அடுத்த படி இறக்குவார். "ரெஜிஸ்டரில் எஸ்.என்.எஃப்.பை ஒரு தசமத்துக்கு முழுமைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். இப்போது?" இப்போது பத்திகள் துல்லியமாகச் சார்ந்திருக்கவில்லை, இன்வெர்ஸ் இருக்கும். கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் விடை தரும். ஆனால் கடைசி தசமத்தின் முழுமைப்படுத்தல் பிழையைப் பிடித்துக்கொண்டு கெழுக்கள் தறிகெட்டு ஓடும். கொழுப்பு கூடினால் விலை குறையும் என்றுகூட ஒரு கெழு வரலாம். உங்கள் அப்பாவிடம் அதைக் காட்டினால் ஒரு வினாடியில் தூக்கி எறிந்துவிடுவார். இன்வெர்ஸ் சுத்தமாக இல்லாத நிலையைவிட இது ஆபத்து, ஏனென்றால் பிழைச்செய்தி வராது.

அதற்கும் கீழே ஒரு படி உண்டு. "என்ன செய்வாய்?" ஒரு பத்தியைத் தூக்கிவிடலாம். இல்லையென்றால் எக்ஸ் ட்ரான்ஸ்போஸ் எக்ஸின் மூலைவிட்டத்தில் ஒரு சிறு நேர்ம எண்ணைக் கூட்டலாம், எல்லா ஐகன் மதிப்பும் (இவற்றில் ஒன்று பூஜ்யமானாலும் இன்வெர்ஸ் இராது) அந்த அளவு உயர்ந்துவிடும், பூஜ்யம் எதுவும் மிச்சமிராது, இன்வெர்ஸ் வந்துவிடும். ஹோயர்ல், கென்னர்ட் இருவரும் 1970-இல் எழுதிய ரிட்ஜ் ரெக்ரெஷன் இதுதான். "இலவசமா?" என்று கேட்பார். இல்லை, கெழுக்கள் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வதை (சார்புப் பிழை) ஏற்றுக்கொண்டு அவற்றின் சிதறலைக் குறைக்கிறோம். குழுவில் கணினித் துறைக்காரர் ஒருவர் இருந்தால் இந்த இடத்தில் எழுந்து, "ஒரு கோடி வரிசை, ஆயிரம் பத்தி, எவ்வளவு நேரம் ஓடும்?" என்பார். பெருக்கலுக்கு வரிசை எண்ணிக்கையோடு பத்தி எண்ணிக்கையின் வர்க்கம், சமன்பாட்டைத் தீர்க்கப் பத்தியின் கனம் என்று ஒரு வரி போதும்.

ஒரே கேள்வியில் லீனியர் ஆல்ஜீப்ரா, புள்ளியியல், ஆப்டிமைசேஷன், அல்காரிதம் நான்கும் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். டேட்டா சயன்ஸ் காம்ப்ரியின் இயல்பே அது. புதுத் துறை என்பதால் குழுவில் கணிதத்திலிருந்து ஒருவர், கணினியிலிருந்து ஒருவர், மின்னியலிலிருந்து ஒருவர் என்று கலந்து இருப்பார்கள். குழுவின் பெயர்ப்பட்டியல்தான் பாதிப் பாடத்திட்டம். அவர்கள் நடத்தும் பாடங்களின் பழைய வினாத்தாள்களைத் தேடிப் பிடியுங்கள்.

பரப்பு எதுவரை என்று எல்லை போட ஒரு வழி சொல்கிறேன். 2024-இல், முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்வில் டேட்டா சயன்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கென்று தனித்தாள் வந்தது. அதன் பாடத்திட்டத்தில் நிகழ்தகவும் புள்ளியியலும், லீனியர் ஆல்ஜீப்ரா, கால்குலஸும் ஆப்டிமைசேஷனும், புரோகிராமிங்கும் டேட்டா ஸ்ட்ரக்சரும், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங், ஏ.ஐ. என்று ஏழு பிரிவு. உங்கள் துறை எழுத்தில் எதுவும் தராவிட்டால் இதையே வேலியாக வைத்துக்கொண்டு, கைடிடம் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கோடு போடச் சொல்லுங்கள். அவர் கோடு போட்ட தாள் பிறகு உங்களுக்குப் பாதுகாப்பு. உங்கள் பின்னணிக்கு நிகழ்தகவும் லீனியர் ஆல்ஜீப்ராவும்தான் கோட்டை. முதல் இரண்டு மாதத்தை அங்கே செலவழியுங்கள். டேட்டாபேஸை நான்கு நாளில் பார்த்துக்கொள்ளலாம். டீப் லேர்னிங்கில் போன வாரம் வந்த கட்டுரை எதையும் இந்த நான்கு மாதம் தொடாதீர்கள். உங்கள் ஆய்வுக்குத் தேவையானதைத் தவிர.

படிக்கும் விதம்தான் முக்கியம், அதில்தான் நீங்கள் முதல்முறை சறுக்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எழுதிப் படித்திருக்கிறீர்கள். பேசிப் படிக்கவில்லை. காலியான வகுப்பறை ஒன்றைப் பிடியுங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம், கையில் மார்க்கர், நோட்டு வெளியே. ஒரு தலைப்பை எடுத்து போர்டில் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் தமிழிலேயே பேசலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பத்தாவது வரை தமிழில் படித்த கணிதச் சொற்கள் உள்ளே எங்கோ இருக்கின்றன, அவற்றோடுதான் உங்கள் யோசனை ஓடுகிறது. விஷயம் தமிழில் தெளிவானால் இங்கிலீஷுக்கு மாற்றுவது மொழிவேலை மட்டும். தமிழிலேயே குழம்பினால் அது இங்கிலீஷின் குற்றமில்லை என்று தெரிந்துவிடும். இங்கிலீஷ் தடையே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன், நாற்பது நிமிடத்தில் சொல் தேடுவதில் பத்து நிமிடம் போய்விடும். அதற்கு மருந்து சின்ன வாக்கியம், எழுதிக்கொண்டே பேசுவது. கை நின்றுவிடும் நேரத்துக்கென்று ஒரே ஒரு வாக்கியத்தை நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: "லெட் மீ ட்ரை எ ஸ்மால் எக்ஸாம்பிள்." சொல்லிவிட்டு இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றை எழுதுங்கள். இரண்டு பத்தியையும் ஒன்றாகவே எழுதிப் பார்த்திருந்தால், அன்றைக்கு இன்வெர்ஸ் ஏன் இல்லை என்பது உங்கள் கண்முன்னாலேயே வந்திருக்கும்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் இரண்டு மாதிரி வைவா. கேட்பவர்களில் ஒருவராவது உங்கள் ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்கட்டும். தெரிந்தவர்கள் பாதி வாக்கியத்திலேயே தலையாட்டிவிடுவார்கள்.

இரண்டாவது முறையும் தவறினால்? பெரும்பாலான இடங்களில் இரண்டு வாய்ப்போடு பதிவு ரத்தாகும். சில இடங்களில் முதுநிலை ஆய்வுப் பட்டத்தோடு வெளியே வர வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆர்டினன்ஸில் அது உண்டா என்று பாருங்கள். பதிவு போனால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் நிற்கும். இரண்டு ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகி 42,000-க்கு உயர்வது தனி மதிப்பீடு. உங்கள் இரண்டாம் ஆண்டு முடிவும் மறுதேர்வும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரலாம் என்பதால், இது அதைப் பாதிக்குமா என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்பா சொல்லும் டீச்சர் வேலை எங்கும் ஓடிப்போகாது. நெட்டில் கிடைத்த உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் காலாவதி இல்லை. 2023 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பதவிக்கு நெட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. காலமும் இருக்கிறது. மானியக் குழு விதிப்படி பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டு, மறுபதிவில் இரண்டு, பெண்களுக்கு இன்னும் இரண்டு. உங்கள் நிறுவனம் அந்த விதியின் கீழ் வருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் கழித்து விட்டாலும் இன்றைக்கு விட்டாலும் வேலைக்கான கதவு அதே அளவுதான் திறந்திருக்கும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் கணக்குத் தெரிந்தவர், ஒப்புக்கொள்வார்.

இந்த ஞாயிறு ஊருக்குப் போனால் சொசைட்டி ரெஜிஸ்டரில் முப்பது வரியைக் குறித்துக்கொண்டு வாருங்கள், பால் ஊற்றியவர்கள் பெயர் வேண்டாம், எண்கள் போதும். நான்கு பத்தியையும் போட்டு ஓட்டுங்கள். பிறகு எஸ்.என்.எஃப்.பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டிலும் கணிப்பு எவ்வளவு மாறுகிறது, கெழு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.